மெட்டி ஏறாத விரல்

என் இடது காலில்
கட்டைவிரலுக்கு அடுத்ததும் அதற்கடுத்ததும்
நகம் வரைக்கும் ஒட்டியே இருக்கும்.
தெற்காவணி மூல வீதியில்
மெட்டிக்கு அளவெடுத்த பத்தர்
ரெண்டு முறை கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.
"இதுக்கு நான் என்ன செய்ய?"
என்னிடம் கேட்கவில்லை, மாமியாரிடம்.
என்னைச் சுமக்கையில் அம்மா
கிரகணத்தில் வெளியே வந்திருப்பாள் என்று
கடையிலேயே முடிவாயிற்று.

வந்தாளோ, வராமல் இருந்தாளோ.
ஏழாம் வாரக் கருவுக்குக்
கையும் காலும் துடுப்புதான், எல்லோருக்கும்.
இடையில் இருப்பவர்கள் செத்து
விரல்கள் மிஞ்சுகின்றன.
வண்டியூர்க் கண்மாய் வாத்துக்கு
அந்தச் சாவு வேண்டாமென்று விட்டுவிட்டது.
எனக்கு ஒரே ஒரு சந்தில் மட்டும்
போக வேண்டியவர்கள் போகாமல் தங்கிவிட்டார்கள்.

பெரியாஸ்பத்திரி ஆய்வகத்தில் பதினோரு வருஷம்.
சதையை மெழுகில் புதைத்து,
முடியைவிட மெலிசாகச் சீவி,
நீலமும் ரோஸும் ஏற்றிச்
சில்லில் ஒட்டுவது என் வேலை.
பார்ப்பது என் வேலை இல்லை.
பார்ப்பேன்.

அடிபட்டு, வெந்து செத்த செல் என்றால்
வீங்கி வெடித்து
உள்ளே இருந்ததெல்லாம் தெருவில் கொட்டி
ஊரே கூடிச் சீழ் பிடித்து, ஒரே கலவரம்.
தானாகச் சாகிற செல்லைச் சுற்றிச்
சத்தமே இருக்காது.
தமுக்கத்தில் பொருட்காட்சி முடிந்த மறுநாள்
பந்தல் கட்டியவர்களே வந்து
முடிச்சு முடிச்சாய் அறுப்பார்களே, அப்படி.
கத்திகள் வெளியிலிருந்து வருவதில்லை,
முதல் நாளிலிருந்து உள்ளேயே உறையில் கிடந்தவை.
மைட்டோகாண்ட்ரியா லேசாகக் கசியும்.
சைகை அவ்வளவுதான்.
டிஎன்ஏவைத் துண்டு போட்டு
மூட்டை மூட்டையாய்க் கட்டி
சவ்வின் உட்பக்கத்தை வெளியே திருப்பி
'என்னைத் தின்னு' என்று எழுதி வைக்கும்.
பக்கத்தில் போகிற விழுங்கி
நின்று, தின்றுவிட்டுப் போகும்.
தமுக்கத்திலாவது மூங்கில் நட்ட குழிகள் இருக்கும்.

இதை நீங்கள் படித்து முடிப்பதற்குள்
உங்களுக்குள் சில கோடிப் பேர் போயிருப்பார்கள்.
துட்டி சொல்லி யாரும் வரப்போவதில்லை.

போன வியாழன் ஒரு சில்லு.
தவசியாண்டி, ஐம்பத்தொன்று, செக்கானூரணி.
கழுத்துக் கட்டி.
நல்ல நிணநீர்க் கணுவில் வட்டங்கள் இருக்கும்,
வட்டத்துக்குள் சாவு இருக்கும்:
கரும்பொட்டுகளை விழுங்கி வயிறு வெளுத்த விழுங்கிகள்
அங்கங்கே.
நட்சத்திர வானம் என்கிறது புத்தகம்.
எனக்குப் பொரி சிந்தினது மாதிரி.

இவருக்கும் வட்டங்கள் இருந்தன.
முதுகோடு முதுகு நெருக்கி, ஏகப்பட்டது.
நாற்பது மடங்கு வில்லையில்
டீ ஆறிப்போகும் வரைக்கும் தேடினேன்.
ஒரு பொரி இல்லை.
ஒருத்தரும் சாகவில்லை.

டாக்டர் ஃபரீதா குனிந்தார்.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டே
"இன்னொரு சாயம் போட்டுப் பாத்துருவோம், கற்பகவல்லி" என்றார்.

வெளியே பெஞ்சில் அவர் சம்சாரம் ஒச்சம்மா,
மடியில் காலி டிபன் கேரியர்.
"கெட்டது ஒண்ணும் இல்லைல்ல தாயி?"

திங்கக்கிழமை வாங்க என்றேன்.
நடக்க வேண்டிய கெட்டது நடக்கவில்லை,
அதுதான் என்று
எந்த வாயால் சொல்ல?

கோரிப்பாளையம் சிக்னலில் பஸ் நின்றுவிட்டது.
செருப்பைக் கழற்றி
அந்த ரெண்டு விரலையும் தொட்டுப் பார்த்தேன்.
வலது காலில் மட்டும் மெட்டி போட்டிருக்கிறேன்,
எட்டு வருஷமாக.
பக்கத்து சீட்டுப் பெண் பார்த்துவிட்டு
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
தங்கிவிட்டவர்களின் பேரன் பேத்திகள் எத்தனையோ தலைமுறை
குளிக்கிற கல்லோடு உரிந்து போயிருப்பார்கள்.
சந்து இல்லாத அந்தச் சந்து
வெதுவெதுவென்றுதான் இருந்தது.